ரோமில் தனி கைடு: காசுக்குப் பிடித்த கேடா?

ஜனவரி 11, 2025 (கேள்வி)

மே மாதம் ரோம் போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. கொலோசியமும் (பழைய அரங்கம்) ஃபோரமும் (பழைய ரோமின் மையத் திடல், இப்போது இடிபாடுகள்) சுற்றிக் காட்டத் தனி கைடு 200 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். ஆடியோ கைடு போனில் சும்மா கிடைக்கிறது, யூட்யூபில் இல்லாத சரித்திரம் இல்லை. தனி கைடு என்பது காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கணக்கு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 12, காலை 7:15 (பதில்)

நவம்பர் கடைசியில் போய் வந்தோம். நான், மனைவி, மகள் (13), அம்மா (72, இரண்டு முழங்காலும் தேய்மானம்). மூன்று மணி நேரத்துக்கு 210 யூரோ, கிட்டத்தட்ட 19,000 ரூபாய். டிக்கெட் தனி. நான் கரூர்க்காரன், துணி வியாபாரத்தில் மீட்டருக்கு 50 காசு குறைக்க அரை நாள் பேசுகிறவன். கேடு இல்லை என்றுதான் சொல்வேன். ராத்திரி விவரமாக எழுதுகிறேன், கடைக்கு நேரமாச்சு.

ஜனவரி 12, இரவு 10:40

சரித்திரத்துக்காக கைடு வைப்பதாக இருந்தால் வேண்டாம். கொலோசியத்தைப் பேரரசர் வெஸ்பாசியன் கட்ட ஆரம்பித்தது, மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தது, நீரோ வெட்டிய ஏரி இருந்த இடம், 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது, இதெல்லாம் விமானத்திலேயே படித்துவிட்டேன். மகள் என்னைவிட அதிகம் படித்திருந்தாள்.

எங்களுக்கு வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மணி. கழுத்தில் அரசாங்க லைசென்ஸ் அட்டை. வணக்கம் சொன்ன கையோடு பத்தடி எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர் பார்த்தது எங்கள் முகத்தை அல்ல, அம்மா கால் ஊன்றுகிற விதத்தை. அங்கேயே திட்டத்தை மாற்றிவிட்டார். பாலடைன் குன்று ரத்து. கொலோசியத்தில் மாடிக்கு லிஃப்ட். ஃபோரத்தில் எந்தெந்தக் கல்லில் உட்காரலாம் என்பது வரைக்கும் கணக்குப் போட்டிருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. எந்த ஆப்பும் எங்கம்மா நடையைப் பார்க்காது.

வாசலிலேயே இரண்டு காட்டினார். ஒன்று, வளைவுகளுக்கு மேல் வெட்டியிருக்கிற எண்கள். LII, LIII, LIV என்று இன்றும் படிக்கலாம். மொத்தம் 80 வாசல், அதில் 76-க்கு நம்பர். அந்தக் காலத்தில் டோக்கனில் எந்த நம்பரோ அந்த வாசலில்தான் நுழைய வேண்டும். நம்ம கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு நடக்கிற தள்ளுமுள்ளை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, சுவர் முழுக்க இருக்கிற குழிகள். அம்மாதான் முதலில் கேட்டாள்: "இதென்ன கண்ணு, அம்மைத் தழும்பாட்டம்?" மொழிபெயர்த்தேன். கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே இரும்புப் பட்டை வைத்திருந்தார்களாம். ரோம் நொடித்துப்போன காலத்தில் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்து உருக்கிவிட்டார்கள். அம்மா சொன்னாள், "பழைய இரும்புக்காரன் இல்லாத ஊரே கிடையாது."

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கைடு ஆங்கிலத்தில் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல, மூன்று மணி நேரத்தில் பாதி எனக்கே போய்விட்டது. வீட்டில் ஆங்கிலம் புரியாத பெரியவர்கள் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். போகப்போக அந்த அம்மணியே பிடித்துக்கொண்டார்: இரண்டு வாக்கியம், நிறுத்தம், என் வாயைப் பார்த்தல், அடுத்த இரண்டு வாக்கியம். கடைசி ஒரு மணி நேரம் அவரும் அம்மாவும் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள், எனக்கு வேலையே இல்லை.

ஜனவரி 13

டிக்கெட் பற்றி மூன்று பேர் கேட்டாச்சு. சொல்கிறேன், என் முட்டாள்தனத்தோடு சேர்த்து.

கொலோசியம் டிக்கெட்டில் ஆள் பெயர் அச்சாகி வரும். பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2023 அக்டோபரில் இருந்து இப்படி. பெயரை அப்படியே போடச் சொல்லி கைடு முன்கூட்டியே எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன்? நம்ம பழக்கத்தில் இனிஷியல் போட்டு அடித்தேன். பாஸ்போர்ட்டில் எங்கப்பா பெயர் முழுசாக நீட்டி எழுதியிருக்கிறது. டிக்கெட்டில் ஒற்றை எழுத்து. அம்மாவுக்கு இன்னும் மோசம், கணவர் பெயருக்கு ஒரு எழுத்து, ஊருக்கு ஒரு எழுத்து. வாசலில் இருந்த பையன் டிக்கெட்டைப் பார்க்கிறான், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், எங்கம்மாவைப் பார்க்கிறான். இருபது நிமிடம். கைடு இத்தாலிய மொழியில் பேசிப் பேசி உள்ளே விட வைத்தார். தனியாகப் போயிருந்தால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

ஆக, பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே. இனிஷியலுக்கு அங்கே மரியாதை கிடையாது. 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும்.

சாதா டிக்கெட் 18 யூரோ, ஃபோரமும் பாலடைனும் அதிலேயே அடக்கம். அரசாங்கத் தளத்தில் 30 நாளுக்கு முன்னால் திறக்கும். நான் திறந்த அன்றைக்கே உட்கார்ந்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் வேறொரு தளத்தில், கேட்காத ஆடியோ ஆப் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு 41 யூரோவுக்கு வாங்கினேன். அந்த ஆப்பை இன்றுவரை திறக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கலில் மிளகு கடிபட்டபோதுதான் ஞாபகம் வந்தது, முக்கியமானதை எழுதவே இல்லை.

டைட்டஸ் வளைவைத் தாண்டி ஃபோரத்துக்குள் இறங்கினால் வலது பக்கம் பிரம்மாண்டமாக மூன்று வளைவுக் கூடங்கள் நிற்கும். பேரரசர் மாக்சென்டியஸ் கட்ட ஆரம்பித்து, அடுத்து வந்த கான்ஸ்டன்டைன் முடித்த மண்டபம், 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எங்களுக்கு முன்னால் கொடி பிடித்துப் போன கூட்டங்கள் ஒரு படம் எடுத்து நகர்ந்துகொண்டிருந்தன. எங்கள் அம்மணி நின்றார். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று அப்போதுதான் சரியாகக் கேட்டார். இந்தியா என்பது தெரியும், இந்தியாவில் எங்கே? தெற்கே, தமிழ்நாடு என்றேன்.

"அப்படியானால் இது உங்கள் கடை" என்றார்.

இந்த மண்டபம் எழும்புவதற்கு முன்னால் அதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்ததாம். ஹொர்ரேயா பிபரடாரியா என்று பெயர். முசிறியில் ஏற்றின மிளகு செங்கடல் வழியாக எகிப்து போய், ஒட்டகத்தில் நைல் நதிக்கு வந்து, அலெக்சாண்டிரியாவில் மறுபடி கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார், வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று. கருமிளகு ஒரு பவுண்டு எடை 4 தினாரியஸ் காசு, திப்பிலி 15 என்று விலையும் குறித்து வைத்திருக்கிறார். கி.பி. 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது நகரத்தை விட்டுவைக்கக் கேட்ட பட்டியலில் 5,000 பவுண்டு தங்கத்தோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. எங்கள் ஊர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைக்கிற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். காசு வந்து சேர்ந்த பக்கம்தான் தெரியும். புறப்பட்ட பக்கம் இதுதான் என்று ஒருவர் கை நீட்டிக் காட்டியபோது, அகநானூற்றின் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல்முறையாக வாயில் வந்தது. கறி என்றால் மிளகு என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. இங்கிலீஷ்காரன் சாப்பிடுகிற கறி வேறு என்பதையும்.

அம்மாவுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த மூன்று வளைவையும் பார்த்தாள். "இத்தன பெரிய ஊட்டுக்கு அடியில மொளகு மூட்டையா? எலி வராதா?" கைடுக்கு மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "தெரியாது. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். தெரியாது என்று சொல்கிற கைடை அன்றுதான் பார்த்தேன்.

இதில் நேரம் போனதே தெரியவில்லை. பேசியது 3 மணி நேரம், எங்களோடு இருந்தது மூன்றரை. கூட அரை மணி நேரத்துக்கு ஒரு பைசா கேட்கவில்லை. கூட்டத்தோடு போகிற டூரில் இது நடக்குமா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

ஜனவரி 15

நேற்று தனியாக ஒருவருக்குப் பதில் எழுதும்போது, சீசர் குத்துப்பட்ட இடத்தில் இன்னும் பூ வைக்கிறார்கள், ஃபோரத்தில் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். தவறு. பூ வைப்பது அவரை எரித்த இடத்தில். அங்கே சீசர் கோயிலின் பீடம் மொட்டையாக நிற்கிறது, மேலே தகரக் கூரை. குத்தியது அங்கே இல்லை. கி.மு. 44-இல் செனட் கூடியது பாம்பே என்ற தளபதி கட்டிய அரங்கை ஒட்டிய மண்டபத்தில், இன்றைய லார்கோ அர்ஜென்டினா சதுக்கம் பக்கம். அங்கே பூனைகள் குடியிருக்கின்றன. 2023-இல் இருந்து கீழே இறங்கி நடக்க விடுகிறார்கள். கைடு சரியாகத்தான் சொன்னார், மொழிபெயர்த்த நான்தான் குழப்பியிருக்கிறேன். அப்படியானால் அம்மாவுக்கு இன்னும் என்னென்ன தப்பாகச் சொன்னேனோ.

ஜனவரி 15, இரவு

முசிறி எங்கள் ஊர்தான் என்று எழுதிய திருச்சிக்காரருக்கு: மிளகு ஏற்றின முசிறி உங்கள் முசிறி இல்லை. காவிரிக்கரையில் கப்பல் வரவில்லை என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், ஆனாலும் இது பெரியாறு கடலில் கலக்கிற பக்கம் இருந்த முசிறி, இன்றைய கேரளம். அதற்காக மிளகைக் கேரளத்துக்குத் தாரைவார்த்துவிட்டேன் என்று இன்னொருவர் கோபிக்கிறார். சேரர் தலைநகர் வஞ்சி எங்கள் கரூரா, அங்கேயா என்று பஞ்சாயத்து இன்னும் தீராமல் இருக்கிறது, அதையும் இங்கே இழுக்காதீர்கள். நான் டூர் பற்றி எழுத வந்தவன்.

ஜனவரி 19

யோசித்துப் பார்த்தேன். கொச்சியில் இருந்து போன ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய கைடும் அதே மண்டபத்தின் முன்னால் நின்று "இது உங்கள் கடை" என்றாராம். அதே அம்மணியா, வேறு ஆளா தெரியவில்லை. இந்தியர் என்று தெரிந்ததும் எடுத்து விடுகிற வசனமாக இருக்கலாம். குஜராத்காரர் போனாலும் மிளகுக் கடை அவருடையதுதான் போலிருக்கிறது.

இரண்டு நாள் மனசுக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. அப்புறம் என் கடையை நினைத்துக்கொண்டேன். ஜெர்மனிக்காரன் வந்தால் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துப் போடுகிறேன், ஜப்பான்காரன் வந்தால் வேறொன்று. துணி நல்ல துணிதான். யாருக்கு எதை விரிப்பது என்பது என் தொழில், அவருக்கு அவர் தொழில். கிடங்கு அங்கே இருந்தது பொய் இல்லையே.

ஃபோரத்தின் மறுமுனையில் செவேரஸ் வளைவில் அவர் காட்டியதையும் எழுதிவிடுகிறேன், இது இந்தியருக்கான வசனமாக இருக்க முடியாது. கி.பி. 203-இல் பேரரசர் செப்டிமியஸ் செவேரஸுக்கும் இரண்டு மகன்களுக்கும் எழுப்பியது. அப்பன் போன பிறகு மூத்தவன் கராகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றான். பெயரையும் எல்லா இடத்திலும் வழித்துவிடச் சொன்னான். வளைவின் உச்சியில் கல்வெட்டின் நான்காவது வரியைப் பாருங்கள். அந்த வரி மட்டும் குழிந்து கிடக்கும். தம்பி பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்ப வேறு புகழுரையை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்த அடித்த துளைகள் அப்படியே இருக்கின்றன. எந்தத் துளை எந்த எழுத்துக்கு என்று கைடு விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். மகள் கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்சி மாறினால் கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வெயிலில் பழைய பெயர் மெல்லத் தெரியும். அதே கதை.

இதை நானாகப் போயிருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். வளைவை மட்டும் படம் எடுத்திருப்பேன்.

பிப்ரவரி 2

பாந்தியனுக்கும் (ரோமின் பழைய வட்டக் கோயில்) கைடு வேண்டுமா என்கிறீர்கள். வேண்டாம். நாங்கள் மறுநாள் நாங்களாகவே போனோம். ஒரே அறை, அண்ணாந்து பார்க்கத் தெரிந்தால் போதும். குறுக்களவு 43.3 மீட்டர், உயரமும் அதே. கம்பி வைக்காத கான்கிரீட்டில் அந்த அளவுக்கு உலகத்தில் வேறு கவிமாடம் இல்லை. மேலே போகப்போக எடை குறைய நுரைக்கல் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம், மழை நேராக உள்ளே விழும், தரையில் வடிகால் துளைகள். முன்பு இலவசம், 2023 ஜூலையில் இருந்து கட்டணம், நாங்கள் போனபோது 5 யூரோ.

வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். கோயில்தானே என்றாள். முதலில் எல்லாத் தெய்வங்களுக்கும் கோயில், கி.பி. 609-இல் இருந்து தேவாலயம், செருப்போடு போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சாமிதான மாறுச்சு, எடம் மாறலயே" என்று பளிங்கில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தாள். நவம்பர் குளிர். வெளியே வந்ததும் சாக்ஸ் வாங்கத் தெருத்தெருவாக அலைந்தேன்.

முகப்பின் நெற்றியில் அக்ரிப்பா என்பவன் கட்டினான் என்று பெரிய எழுத்தில் இருக்கும், நம்பாதீர்கள். அவன் கட்டியது எரிந்துபோய், இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. பெயரை மட்டும் பழையவனுக்கே விட்டுவைத்திருக்கிறார்கள். தம்பி பெயரை வழித்த கராகல்லாவுக்கு நூறு வருஷம் முந்தியவர்கள்!

அக்ரிப்பா பெயரை ட்ரெவி நீரூற்றிலும் கேட்பீர்கள். அவன் கி.மு. 19-இல் கொண்டுவந்த கால்வாயின் தண்ணீர்தான் இன்றும் அங்கே வருகிறது. நாங்கள் போனபோது வரவில்லை. தண்ணீரை வடித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், நடக்க ஒரு தற்காலிகப் பாலம், காசு போட முன்னால் சின்னத் தொட்டி. உலகத்து ஜனம் அந்தத் தொட்டியைச் சுற்றி நிற்கிறது. அம்மாவுக்கு ஒரே திருப்தி: "குளத்தத் தூர் வாராங்க. நல்ல ஊரு."

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்கும், ஓயாமல் ஓடும், குடிக்கலாம். கீழ் வாயை விரலால் அடைத்தால் மேலே சின்னத் துளை வழியாக வளைந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இது கைடு அம்மாவுக்குக் காட்டிய வித்தை. முதல் முயற்சியில் என் சட்டை நனைந்தது.

ஏப்ரல் 11

டிக்கெட் ஏன் கிடைக்கவில்லை என்று இந்த வாரம் தெரிந்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் கொலோசியம் டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனத்துக்கும் 6 டூர் நிறுவனங்களுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டிருக்கிறது. டூர்க்காரர்கள் பாட் (தானாக டிக்கெட் எடுக்கிற கணினி நிரல்) வைத்து, திறந்ததுமே டிக்கெட்டை அள்ளிவிடுகிறார்கள். அப்புறம் ஆடியோ, ஹோட்டலில் ஏற்றுதல் என்று எதையாவது ஒட்டி விற்கிறார்கள். நான் 30 நாள் முன்னால் காபியோடு உட்கார்ந்து ரிஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருந்தது எந்திரத்தோடு போட்டியாம். தட்கல் புக்கிங் பண்ணிப் பழகியவனுக்கே தோல்வி.

மே மாதம் போகிறவர் இன்னும் வாங்கவில்லை என்றால் கைடிடமே கேளுங்கள். அதையும் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கைடுக் கூலியில் மிச்சம் பிடிக்கப் போய் டிக்கெட்டில் விட்டேன்.

ஏப்ரல் 27

ஒரு திருத்தம். ஜனவரி 14 அன்று, கூட அரை மணி நேரத்துக்குக் கைடு ஒரு பைசா கேட்கவில்லை என்று எழுதி, அதை வைத்துப் பெரிதாகப் பேசியிருந்தேன். கணக்கு முடிக்கப் பழைய ரசீதுகளை எடுத்தேன். 210 இல்லை, 245. அரை மணி நேரத்துக்கு 35 யூரோ தனியாக எழுதி, கீழே பணமாகப் பெற்றேன் என்று கையெழுத்து.

மனைவியிடம் கேட்டேன். "நீங்க அந்த மூணு வளைவையும் போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க. அவங்க மணி ஆச்சுன்னாங்க. அத்தைதான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், குடுத்துடும்மான்னாங்க. குடுத்துட்டேன்."